பீரோவின் உள்பக்கம்

நம்ப விருப்பமில்லாதவர்கள் இந்த வரியோடு எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. என் மச்சானும் நம்பவில்லை. நம்பாதவன் எங்கள் வீட்டுக்கு வந்தால் பீரோ இருக்கிற அந்த அறையில் மட்டும் உட்காரமாட்டான். கேட்டால் புழுக்கம் என்பான். மார்கழிக் குளிரிலும் அவனுக்கு அங்கே புழுக்கம்தான்.

பேய்க்கு ராத்திரி டூட்டி மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

பழைய இரும்புச் சாமான் கடையில் ஒரு ஸ்டீல் பீரோ வாங்கியிருந்தோம். கடைக்காரர் இருபது வருஷப் பழக்கம். கிண்டல் இல்லாமல் ஒரு ஆணியைக்கூட விற்கமாட்டார். பீரோவுக்கு என் வயது இருக்கும், ஆனால் என் அளவுக்குத் துரு பிடிக்கவில்லை என்று சொல்லித்தான் என் தலையில் கட்டினார்.

பீரோவைப் புதுசாக்குவது பெரிய வித்தை இல்லை. கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்ட வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, சிவப்பு பிரைமர் ஒரு கோட். பொறுமை இல்லாதவன் துருவின் மேலேயே பெயிண்ட் அடிப்பான். அது சீழ் வைத்த புண்ணுக்குப் பவுடர் போடுகிற வேலை. ஆறு மாசத்தில் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும்.

நான் பொறுமையாகத்தான் தேய்த்தேன். நீலத்துக்குக் கீழே சாம்பல் வந்தது. சாம்பலுக்குக் கீழே க்ரீம். அதற்கும் அடியில் நல்ல கிளிப்பச்சை. எத்தனை குடும்பம் பார்த்த பீரோவோ என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே தொந்தரவு, கதவு. தரை முன்பக்கம் சரிவு. திறந்துவிட்டால் கதவு தானாக வந்து என் முட்டியில் இடித்தது. என் முட்டிக்கு ஏற்கெனவே ஆயிரம் குறை. அதனால் அட்டையை நாலாக மடித்து பீரோவின் முன்கால் இரண்டுக்கும் அடியில் செருகினேன். கைப்பிடியும் இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு விட்டு, விரல் பட்டாலே கீழே விழுந்து பூட்டிக்கொள்கிற மாதிரி செய்துவைத்தேன். இந்த இரண்டு கெட்டிக்காரத்தனமும் சேர்ந்துதான் என்னைக் கவிழ்த்தன.

தட்டுகளைத் தாங்கும் கொக்கி நாலு குறைந்தது. வாங்கிவர என் வீட்டுக்காரி அதே கடைக்குக் கிளம்பினாள். கையெல்லாம் பெயிண்ட் தூளோடு நான் எழுந்து வந்து கதவு திறப்பது நடக்காது என்று, வாசலை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

தட்டுகளைக் கழற்றிவிட்டதால் பீரோவுக்குள் ஓர் ஆள் உட்கார இடம் இருந்தது. பின்தகட்டைத் தேய்க்க நான் உள்ளே போய்க் குந்தினேன். உள்ளேயே, பக்கத்தில் திறந்த தின்னர் டப்பா.

பின்னால் சாய்ந்து தேய்த்தேன். என் பாரத்தில் பீரோ லேசாக ஆடியது.

கதவு இரண்டும் மெதுவாக வந்தன… டம்.

க்ளக்.

கைப்பிடி விழுந்துவிட்டது. நான் எண்ணெய் போட்ட கைப்பிடி. உள்பக்கம் பிடிக்க எதுவும் கிடையாது, வெறும் தகடு. தோளால் முட்டினேன். அசையவில்லை. உதைக்கலாம் என்றால் காலை நீட்ட இடமில்லை.

இருட்டு. தின்னர் நெடி. நாலு மூச்சு விட்டதுமே தலை லேசாகச் சுற்றியது. டப்பாவின் மூடியைத் தடவித் தேடினேன். அது வெளியே, ஜன்னல் விளிம்பில் பத்திரமாக இருந்தது. அவள் வருவதற்குள் மயங்கினால் நான் எழுந்திருக்கப்போவதில்லை. அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

சட்டையை மூக்கில் பொத்திக்கொண்டு கதவைத் தட்டினேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

சர்… சர்… சர்…

வெளியே யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். என் முகத்துக்கு நேரே, தகட்டுக்கு அந்தப் பக்கம். கை தேர்ந்த தேய்ப்பு. ஒரே சீராக, மேலிருந்து கீழே.

அவள்தான் வந்துவிட்டாள் என்று உயிர் வந்தது. "ஏம்மா… கதவைத் திற" என்றேன்.

சர்… சர்…

நின்றது.

வாசல் பூட்டு திறந்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"யாரு?"

தகட்டில் வாயை வைத்துச் சொன்ன மாதிரி, மிகப் பக்கத்தில், ஓர் ஆண் குரல்.

"இருடா. இன்னும் காயல."

பிறகு ஒரு சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்லை. சிநேகிதனைக் கேலி செய்கிற சிரிப்பு. செருப்புச் சத்தம் அறையைக் கடந்து போனது. சரட்… சரட்… தேய்ந்து மறைந்தது.

கத்தினேன்.

முட்டியைக் கட்டிக்கொண்டு சுருண்டேன். இரண்டு கையும் முட்டியைச் சுற்றிக் கோத்திருந்தன. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டொக்… டொக்…

கதவைத் தட்டும் சத்தம்.

உள்ளே இருந்து.

நான் தட்டவில்லை.

டொக் டொக் டொக்…

என் காதுக்குப் பக்கத்தில் ஒரு மூச்சு. வேகமாக. என்னுடையதைவிட வேகமாக.

அங்கே இன்னோர் ஆளுக்கு இடமில்லை.

இடமே இல்லை…

வெளிச்சம்.

என் வீட்டுக்காரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மூட்டையாகத் தரையில் விழுந்தேன். கையில் இருந்த கொக்கிப் பொட்டலத்தைப் போட்டுவிட்டு என்னை ஜன்னலுக்கு இழுத்துப் போனாள். எனக்குப் பேச்சு வரும் வரை நெஞ்சைத் தேய்த்தாள். வந்ததும் திட்ட ஆரம்பித்தாள்.

"அறுபத்தெட்டு வயசுல கண்ணாமூச்சி கேக்குதா உங்களுக்கு? அந்தக் கடைக்காரர் வேற, கொக்கி தேடுற சாக்குல முக்கால் மணி நேரம் பேசியே கொன்னுட்டார். கடையை விட்டு நகரவிடலை, அவரும் நகரல. இன்னும் ரெண்டு வார்த்தை பேசியிருந்தார்னா நான் வந்து உங்களைத் தூக்கவேண்டியதா போயிருக்கும்."

யாராவது உள்ளே வந்தார்களா என்று கேட்டேன். பூட்டு பூட்டினபடி இருந்தது என்றாள்.

மறுநாள் கடைக்குப் போய், அவரிடம் இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவரும் வழக்கம்போல், பேய்க்கும் என் பீரோவில் வாடகைக்கு இடம் விட்டுவிட்டேனா என்றார். அந்தக் குரல் சொன்னதைச் சொன்னேன். பெயிண்ட் ஈரம் காயாத ஒரு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கவே இல்லை.

பிறகு கடையை மூடிவிட்டு என்னோடு வந்தார். பின்பக்கமெல்லாம் நாற்காலிப் பெயிண்டோடு. பீரோவின் கால் பக்கம் குனிந்து, நான் தேய்த்த இடத்தை விரலால் தடவினார். கிளிப்பச்சையைக் கண்டதும் கையை எடுத்துக்கொண்டார்.

இளவட்டத்தில் அவரும் ஒரு சிநேகிதனும் பீரோவுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலையில் இருந்தார்களாம். இந்தப் பச்சையை அவர்களே கலந்தார்களாம், வேறு யாரிடமும் கிடையாதாம்.

"அவன் உள்பக்கம் அடிச்சிட்டிருந்தான். விளையாட்டுக்குத்தான் சாத்தினேன், பெரியவரே. தட்டினான். 'இருடா, இன்னும் காயல'ன்னுட்டு டீ குடிக்கப் போனேன். அங்க ஒருத்தனைப் பார்த்து பேச்சு நீண்டுபோச்சு. திரும்பி வந்தா தட்டுற சத்தம் இல்ல. தூங்கிட்டான்னு நெனைச்சு, இன்னும் கொஞ்சம் விட்டுட்டேன்."

பச்சையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தக் குரல்… அவன் குரலா இருக்குமோ? கொஞ்சம் கீச்சுன்னு இருக்கும். அவன்தான் என்கிட்ட பேசவந்தானோ?"

"இருக்கலாம். கீச்சுன்னுதான் இருந்துச்சு" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். போகட்டும்.

நான் கேட்டது கீச்சுக்குரல் இல்லை. அவர் என் வீட்டுக்காரிக்குக் கொக்கி தேடித் தந்துகொண்டிருந்த அதே நேரத்தில், பூட்டிய வீட்டுக்குள் பீரோவுக்கு வெளியே நின்று பேசியது அவர்தான்.

குரல் மட்டும் இன்னும் இளசாக இருந்தது.