ஜிப்ஸி கிட்டாருக்குத் தடித்த கம்பி

1. முதலாளியின் தத்துவம்

"உங்க கடை ஸ்ட்ரிங் போட்டதுலேர்ந்து என் கிட்டார் செத்துப்போச்சு. சர்வீஸ் பண்றவரைக் கூப்பிடுங்க" என்று கிஷோர் என்னிடமே சொன்னார்.

தாம்பரத்தில் ஓர் இசைக்கருவிக் கடையின் சர்வீஸ் மேசையில் உட்கார்ந்தே எனக்குத் தலை நரைத்தது. ஆனாலும் புடவை கட்டிய யாரும் கிட்டாரைப் பழுதுபார்க்க மாட்டார்கள் என்பது எங்கள் வாடிக்கையாளர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை.

"கூப்பிட்டாச்சு சார், வந்துட்டேன். காட்டுங்க" என்றேன்.

பையிலிருந்து வெளியே வந்தது ஜிப்ஸி ஜாஸ் கிட்டார். மைக் இல்லாமலே கூட்டத்தின் இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று பிரான்ஸில் உருவான வடிவம். மேல் பலகை மெல்லியது. கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டான பிரிட்ஜை அதில் ஒட்டியிருக்க மாட்டார்கள். கம்பிகளின் அழுத்தத்திலேயே அது உட்கார்ந்திருக்கும்.

கிஷோர் மேடவாக்கத்து ஐ.டி. ஊழியர். அவர் மனைவி ஜெனிபர் வயலின் வாசிப்பவர். ஞாயிற்றுக்கிழமை மாலை அபார்ட்மென்ட் கிளப் ஹவுசில் இருவருக்கும் முதல் கச்சேரி. ஸ்பீக்கர் வைக்கக் கூடாது என்று அசோசியேஷன் உத்தரவு. தண்ணீர் லாரி நாள் முழுக்க அலறலாம், இசைதான் அமைதியைக் கெடுக்கும்.

வயலின் சத்தத்தில் தன் கிட்டார் கேட்கவில்லை என்று கிஷோர் வருத்தப்பட, எங்கள் முதலாளி இருப்பதிலேயே தடித்த பாஸ்பர் பிரான்ஸ் கம்பி செட்டை விற்றிருக்கிறார்.

"கம்பி தடியா இருந்தா சத்தமும் தடியா வரும். இதுல இன்னா கீது டவுட்டு?" என்றார் முதலாளி. அவருக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. அதனால் அவருக்குச் சந்தேகங்களும் வந்ததில்லை.

பிரிட்ஜுக்குக் கீழே பலகை லேசாகக் குழிந்திருந்தது.

"சார், இந்தக் கம்பிங்க பலகைய அமுக்கிப் புடிச்சிருக்கு. அது அதிர்ந்தாதானே சத்தம் வரும்? இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பலகையே உள்ள போயிருக்கும்" என்றேன்.

கிஷோரின் முகம் வெளுத்தது. "ஞாயித்துக்கிழமை ஷோ இருக்குக்கா. ஃபிளாட்ஸ் மொத்தத்தையும் இன்வைட் பண்ணிட்டேன்."

2. பத்தா, பதினொன்றா

கம்பிகளைக் கழற்றிவிட்டு மறுநாள் பார்த்தேன். நல்லவேளை, பலகை நிமிர்ந்திருந்தது. இந்தக் கிட்டாருக்கென்றே உள்ள, வெள்ளி பூசிய செம்பு சுற்றிய கம்பிகளை எடுத்தேன். முதலில் பத்து கேஜ் தடிமன். ஒலி பளிச்சென்று வந்தது. ஆனால் பார்க்க வந்திருந்த கிஷோர், மீட்டும் கட்டை பிக்கால் ஓங்கி அடித்ததும் கம்பி கழுத்திலிருக்கும் ஃப்ரெட் பட்டையில் மோதிக் கடகடத்தது. பிறகு பதினொன்று மாட்டி, பிரிட்ஜைக் கொஞ்சம் உயர்த்தினேன். கம்பி அடியைத் தாங்கியது. காய்ந்த, கூரான சத்தம். கடை வாசலில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"ஸ்ட்ரிங்குதான் மேட்டருன்னு நான் அப்பவே சொன்னேன்ல?" என்று முதலாளி எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தார்.

3. கடைசி வரிசை வரை

ஜெனிபர் அழைத்ததால் கச்சேரிக்குப் போனேன். கிட்டார் கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்டது. அதுதான் பிரச்சினை. விரல்கள் ஒரு கார்டிலிருந்து, அதாவது ஒரு ஸ்வரக் கூட்டிலிருந்து, அடுத்ததற்கு மாறும் ஒவ்வொரு இடத்திலும் கிஷோர் ஒரு தட்டு தாமதம். இத்தனை நாள் வயலினுக்குள் ஒளிந்திருந்த ரகசியம் இப்போது ஃபிளாட்ஸ் மொத்தத்துக்கும் தெரிந்துவிட்டது. முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். அசோசியேஷன் செயலாளர் முதல்முறையாக இசையை ரசித்தார்.

இடைவேளையில் கிஷோர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அக்கா, சத்தத்தைக் கொஞ்சம் கம்மி பண்ண முடியுமா? பழைய ஸ்ட்ரிங்கே மாட்டிடலாமா?"

ஜெனிபர் பின்னாலேயே வந்துவிட்டார். "நீ லேட்டா வர்றேன்னு நான் எத்தனை தடவ சொன்னேன்? ஒரு தடவயாவது கேட்டியா? இப்ப உனக்கே கேக்குதுல்ல?"

"எல்லாரும் சிரிக்கிறாங்க ஜெனி. நான் வரல."

"சிரிக்கட்டும். தப்பு கேட்டா சரியும் கேக்கும். கஷ்டமான கார்ட்ஸெல்லாம் விட்டுடு. என் காலைப் பாத்து வாசி."

கிஷோர் மறுபடி வாசிக்கப் போனார். வித்தை எதுவும் காட்டாமல், ஜெனிபரின் கால் தரையில் தட்டும் இடத்தில் மட்டும் பிக்கை இறக்கினார். இரண்டாவது பாட்டில் பிள்ளைகளின் சிரிப்பு நின்றது. மூன்றாவதில் கைதட்டித் தாளம் போட ஆரம்பித்தார்கள். கிஷோர் தலையை நிமிர்த்தவே இல்லை. ஆனால் ஒரு தட்டும் தவறவில்லை. எனக்குக் கண் கலங்கியது. ஏசி குளிர் என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிவைத்தேன்.

இப்போது வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். சத்தம் போதவில்லை என்று யாராவது வந்தால் உடனே ஸ்ட்ரிங் செட்டைப் பிரிக்காதீர்கள். முதலில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பாதிப் பேருக்குச் சத்தம் குறைவாக இருப்பது, அந்தக் கிட்டார் அவர்களுக்குச் செய்யும் உதவி.