திறக்காத வாய்க்காலின் திறப்பு விழா

எங்கள் ஊர் நிருபரைப் போல வேகமான மனிதரை நான் இன்னும் காணவில்லை. விழா நடந்த பிறகு எழுதுவது அவருக்கு ஒத்துவராது. அழைப்பிதழ் கைக்கு வந்த அன்றே 'விழா வெகு சிறப்பாக நடைபெற்றது' என்று எழுதிக் கொழும்புக்குத் தபாலில் போட்டுவிடுவார். கடிதம் போய்ச்சேர இரண்டு மூன்று நாள் ஆகும் அல்லவா? பிந்தினால் மருதமுனை நிருபர் முந்திவிடுவாராம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சிறுபோகம், மழையை நம்ப முடியாத கோடை வேளாண்மை. வாப்பாவின் வயல் குடலை கட்டி, கதிர் வரும் நேரத்தில் தண்ணீரில்லாமல் கிடந்தது. புதிதாக வெட்டிய வாய்க்காலைப் பெரிய மனிதர் ஒருவர் வந்து திறக்க வேண்டும். அவருக்கு வேறு அலுவல் வந்துவிட்டது. விழா நின்றது, தண்ணீரும் நின்றது. பத்திரிகை மட்டும் நிற்கவில்லை. பெரிய மனிதர் நாடா வெட்டினாராம், தண்ணீர் பாய்ந்ததாம், விவசாயிகள் ஆனந்தக் கண்ணீர் விட்டார்களாம். அவர்கள் சார்பில் நன்றியுரை ஆற்றியவர் எங்கள் வாப்பா!

மேடையேறி ஒரு சொல் பேசியறியாத மனிதர். ஆனாலும் அச்சில் பேரைக் கண்டதும் முகம் மலர்ந்துபோனார். சாய்ந்தமருது வரை பத்திரிகையைக் கொண்டுபோய்க் காட்டினார்.

நாலாம் நாள் வயல் காய்ந்து வெடித்ததும் நீர்ப்பாசனக் கந்தோருக்கு ஓடினார். நானும் கூடப் போனேன். கிளாக்கர் அதே பத்திரிகையை மேசையில் விரித்தார்.

"தண்ணி வரல்லையா? நன்றி சொன்னது நீங்கதானே காக்கா? மேலிடத்துக்கும் இதத்தான் அனுப்பியிரிக்கம்."

"அந்த விழாவே நடக்கல்லியே தம்பி!"

"அப்ப ஏன் ஊரெல்லாம் காட்டித் திரிஞ்சீங்க?"

நேரே நிருபர் வீட்டுக்குப் போனோம்.

"தம்பி, தண்ணி வரல்லெண்டு ஒரு வரி போடு. பயிர் சாகுது."

"போடலாம் காக்கா. ஆனா என்ட மரியாதை என்னத்துக்காகும்? ஒங்கட பேரும் கெட்டுப்போகுமே!"

அந்தாளின் பேனையைப் பிடுங்கி முறிக்க வேண்டும்போல் எனக்கு ஆத்திரம்.

இருபது நாள் கழித்து, விழாவும் இல்லாமல் நாடாவும் இல்லாமல் தண்ணீர் வந்தது. பயிர் அதற்குள் கருகி வைக்கோலாகிவிட்டது. அன்றுதான் நிருபர் செய்தி நடந்த இடத்துக்கே நேரில் வந்தார். வரம்பில் நின்று எல்லாவற்றையும் தன் கண்ணாலேயே பார்த்தார். அந்த வாரமே செய்தி வந்தது: 'வாய்க்கால் நிறையத் தண்ணீர், வயலோ கருகிக் கிடக்கிறது. விவசாயிகளின் அசட்டையே காரணம்.'

வாப்பா அதை இரண்டு தரம் வாசித்தார்.

"அல்ஹம்துலில்லாஹ், இந்த முறை என்ட பேரப் போடல்ல" என்று சொல்லிவிட்டு, மாடுகளை வயலுக்குள் அவிழ்த்துவிட்டார்.