விளிம்பைத் தேய் பிள்ளை

யூரோ வந்த புதிதில், டோர்ட்மண்ட் பழம்பொருள் சந்தையில் பதக்கம் விற்கும் ஜெர்மன் கிழவர் ஒருவர், நான் கொடுத்த என் பெரியப்பாவின் வெள்ளிப் பதக்கத்தை வினாகிரித் துணியால் துடைத்தார். அந்தப் புளித்த உலோக மணம் மூக்கில் ஏறியதும், யாழ்ப்பாணத்து வீட்டுக் கிணற்றடியில் எட்டு வயதுப் பிள்ளையாய்க் குந்தியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பதக்கத்தைத் தேய்த்து மினுக்க, பெரியப்பா பழப்புளியில் செங்கட்டித் தூளைக் குழைத்துத் தருவார். உலகப்போரின்போது பர்மாக் காட்டில், காயம்பட்ட அதிகாரியைத் தோளில் சுமந்து வந்ததற்காக அவருக்குக் கிடைத்த பதக்கம் அது. எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் அந்தக் கதை தெரியும்.

"ராசாவின்ர முகத்தை விடு பிள்ளை, விளிம்பை நல்லாத் தேய். உனக்குத்தான் கெட்டிக்காரக் கை."

தன் பிள்ளைகளைக்கூட அதைத் தொட விடமாட்டார். எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. விரல் எரிய எரியத் தேய்ப்பேன்.

அவர் செத்தபின் பதக்கம் எனக்கு வந்தது. அவருடைய வீரத்தை என் மகளுக்கு ஆதாரத்தோடு சொல்லத்தான் கிழவரிடம் கொண்டுபோயிருந்தேன்.

"இந்த வகைப் பதக்கத்தில் வீரனின் பெயரை விளிம்பில் பொறித்திருப்பார்கள்," என்றார் அவர். "இதில் யாரோ வருஷக்கணக்காய்த் தேய்த்து அழித்திருக்கிறார்கள். நாடா மாட்டும் கொக்கியின் கீழே கடைசிச் சொல் மட்டும் தப்பியிருக்கிறது. 'சிங்'. உங்கள் பெரியப்பாவின் பெயரா?"

பெரியப்பாவின் பெயர் செல்லத்துரை.

இன்னொருத்தனின் பெயரை அழிக்க அவருக்குத் தன் கை கூசியிருக்கிறது. அதனால் என் கையைக் கேட்டார். பாராட்டிப் பாராட்டிக் கேட்டார்.

கொக்கியின் கீழே மட்டும் என் விரல் நுழையவில்லை.