சுக்கினிக்குக் கண் பட்ட கதை

மார்ச்சில் தயிர்க் கிண்ணங்களில் விதை ஊன்றினாள் யோலாண்டா. மே மாதம் சமையலறைக்குப் பின்னால், ஒரு கட்டில் போடுமளவு மண்ணில், வெள்ளரி போல நீளமாய்க் காய்க்கும் நான்கு சுக்கினிச் செடிகள் நின்றன. தக்காளி டப்பா ஆலையில் முப்பது வருடம் கால்கடுக்க நின்றவள், தனக்கென்று செய்த முதல் வேலை அது. ஜூனில் மஞ்சள் பூக்களாகப் பூத்துத் தள்ளின. காய்கள் மட்டும் விரல் நீளம் வந்ததும் நுனி பழுத்து அழுகி விழுந்தன.

தண்ணீரைக் கூட்டினாள், குறைத்தாள், சாம்பல் தூவினாள். ஒன்றும் பிடிபடவில்லை.

நாத்தனார் பெர்னாந்தாவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "ஏண்டி, செடிய யாராவது புகழ்ந்தாங்களா?"

"பக்கத்து வீட்டு செலிண்டா அக்கா மதில் மேல எட்டிப் பாத்து, என்ன அழகுன்னாங்க."

"கூடவே, கடவுள் காக்கட்டும்னாளா?"

"சொல்லலயே, அண்ணி."

"அப்புறமென்ன, கண்ணுதான்!"

தட்டுத் தண்ணீரில் ஆலிவ் எண்ணெய் மூன்று துளி விட்டாள் பெர்னாந்தா. துளி பரவினால் கண் பட்டிருக்கிறது. பரவாவிட்டால் கண் ஒளிந்திருக்கிறது. தோற்கவே வழியில்லாத சோதனை! அதில் மாட்டுவதும் எப்போதும் செலிண்டா மாதிரி, புருஷன் இல்லாத, கோவில் பூசைக்குப் போகாத ஒருத்திதான்.

ஆலையில் இருபது வருடம் பக்கத்தில் நின்றவள் செலிண்டா. யோலாண்டா காய்ச்சலோடு வந்த நாட்களில் அவள் பங்கையும் சேர்த்துச் செய்தவள். இப்போது மதிலுக்கு அப்பாலிருந்து அவள் குரல் வந்தால் யோலாண்டா உள்ளே போய்விடுவாள். போனபின் மனசு அடித்துக்கொள்ளும். அக்கா அப்படிப்பட்டவளா? பின்னே காய் ஏன் அழுகுகிறது?

கணவன் நெல்லோவுக்கு அந்தக் கவலையில்லை. விடிந்ததும் கத்திரிக்கோலோடு போய், வெறும் காம்பில் நிற்கும் பூக்களை ஒன்றுவிடாமல் வெட்டுவான். பிஞ்சோடு இருக்கும் பூவைத் தொடமாட்டான், அவ்வளவு கவனம். வெட்டிய பூவில் சீஸும் நெத்திலியும் திணித்து மாவில் தோய்த்து யோலாண்டா பொரித்துத் தர வேண்டும்.

"காய் வரலன்னா என்ன, பூ வருதே!"

ஜூலையில் அவனுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். ஒரு வாரம் வெறும் சூப். பூவை யாரும் வெட்டவில்லை. தேனீக்கள் உள்ளே புரண்டன. வாரக் கடைசியில் மூன்று காய்கள் சாண் நீளம் தொங்கின.

"பாத்தியா, என் எண்ணெயோட வேல!" என்றாள் பெர்னாந்தா.

எண்ணெய் விட்டு ஒரு மாதமாகிறதே? அப்படியென்றால் அக்காவின் கண்ணும் காரணமில்லையோ? யோலாண்டா இரண்டு காய்களைப் பறித்துக்கொண்டு செலிண்டாவின் வாசலில் போய் நின்றாள்.

"எம்மேல கோவமாக்கா?"

"ரொம்ப. உன் நாத்தனா ஊரெல்லாம் சொன்னது எங்காதுக்கு வராதா?" செலிண்டா காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உன் வீட்ல தெனம் பொரிக்கிற வாசனை வருமே, என்னடி பொரிச்ச?"

"பூ. பிஞ்சில்லாத வெத்துப்பூதான். அது காய்க்காதே."

"அது காய்க்காதுடி, காய்க்க வைக்கும்! தோட்டத்து ஆம்பளைங்களயெல்லாம் பொரிச்சுத் தின்னுட்டு, புள்ள தங்கலன்னு என் கண்ணக் குத்தம் சொன்னியா?"

உள்ளே வா என்று செலிண்டா சொல்லவில்லை. காய்களை மட்டும் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் கத்திரிக்கோலோடு வந்த நெல்லோவை யோலாண்டா மறித்தாள். "ஆளுக்கு ரெண்டு. மிச்சம் தேனீக்கு."

மதில் மேல் செலிண்டாவின் தலை தெரிந்தது. "அழகா இருக்கு" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

யோலாண்டாவின் கால் பழக்கத்தில் ஓரடி பின்னால் போனது. பிறகு நின்றது.

"ஆமாக்கா," என்றாள். "அழகாத்தான் இருக்கு."