வாசலை மறித்த தைலமரம்

போன வருஷம் மே மாதம், எங்கள் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் ஒரு மதிய நேரத்துக் கோடை மழை. மழை என்றா சொன்னேன்? காற்றுதான் பேயாட்டம் ஆடியது. எங்கள் பக்கத்து லைன் வீட்டு வரிசையில் ஒரு தைலமரம் வேரோடு சாய்ந்து, ஒரு வீட்டு வாசலை அடைத்துக்கொண்டது. அந்த வீட்டுக்கு வேறு வழி கிடையாது.

உள்ளே சுரங்கத்தில் வேலை பார்த்து ரிட்டயரான பெரியவரும் அவர் மருமகளும். அவருடைய நுரையீரல் முழுக்கச் சுரங்கத் தூசி. கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின்தான் அவருக்கு உயிர். மரம் விழுந்ததில் கரண்டும் போயிற்று. கையிருப்புச் சின்ன சிலிண்டரும் தீரும் நிலை.

நான் மெஷின்களை வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறேன். முதலாளியும் நானே, மெக்கானிக்கும் நானே. தெரு ஆட்கள் ஓடி வந்து, மரம் அறுக்கும் என் பெரிய பெட்ரோல் செயின்சாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள்; நானும் பின்னாலேயே ஓடினேன். கம்பியில் கரண்ட் இல்லை என்று லைன்மேன் சொன்னதும் ஸ்டார்ட் செய்தார்கள். புகை நேராக ஜன்னலுக்குள் போனது. பெரியவர் விடாமல் இருமினார்.

“நிறுத்தச் சொல்லுங்கக்கா! மாமாவால மூச்சு வுட முடியல!” என்று மருமகள் ஜன்னல் கம்பியைத் தட்டி அலறினாள்.

பாய்ந்து போய் மெஷினை அணைத்தேன். ஆட்களுக்குக் கோபம். “இன்னாக்கா நீ, ரெண்டே நிமிசத்துல அறுத்துட்லாம்!”

“அந்த ரெண்டு நிமிசம் அவரு தாங்க வாணாமா?” என்று கத்திவிட்டுக் கடைக்கு ஓடினேன்.

எடுத்து வந்தது, பேட்டரியில் ஓடும் சின்ன செயின்சா. புகையே வராது. ஆனால் கடையில் அதை யாரும் சீண்டுவதில்லை, ‘பொம்மை’ என்று கேலி வேறு. அடிமரத்தை அதனால் அறுக்க முடியாதுதான். அடிமரத்தை ஏன் அறுக்க வேண்டும்? அவரை உட்காரவைத்த ஒரு நாற்காலி வெளியே வர இடம் கிடைத்தால் போதாதா? மரம் தரையில் அசையாமல் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு, வாசலை மறித்த கிளைகளில் மட்டும் கை வைத்தேன். இரண்டு முனையும் முட்டுக்கொடுத்து நின்ற கிளைகளை மேலே கொஞ்சம் அறுத்து, மீதியைக் கீழிருந்து முடித்தேன். அவசரப்பட்டு மேலிருந்தே இறக்கினால் மரம் பிளேடைக் கவ்விக்கொள்ளும், இழுத்தாலும் வராது. என் தொழில் எனக்குத் தெரியும்.

கடைசிக் கிளையில் பேட்டரி தீர்ந்தது. கோபித்துக்கொண்ட அதே ஆட்கள் அரிவாளோடு பாய்ந்து அதை வெட்டித் தள்ளினார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் பெரியவரைத் தூக்கி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவில் ஏற்றினோம். அவர் மாஸ்கை விலக்கி என்னைப் பார்த்தார்.

“கேஜ் மேல வந்துட்ச்சாம்மா?”

சுரங்கத்திலிருந்து ஆட்களை மேலே ஏற்றிவரும் கூண்டைத்தான் கேட்கிறார். “வந்துட்ச்சு மாமா” என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் டீ கேட்டாராம் மனுஷர். இப்போதும் கடைக்கு வருகிறவர்கள் “எந்த மெஷின்க்கா ரொம்ப பவரு?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். “மரத்துக்கு அந்தாண்ட யாரு கீறாங்க?” என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நான் எந்த மெஷினையும் எடுத்துக் கொடுப்பதில்லை.