பஸ்தியாம்பிள்ளையரின் நாற்பத்துநாலாம் வயது

பஸ்தியாம்பிள்ளையரின் தகப்பன் நாற்பத்துநாலு வயதில் போய்ச்சேர்ந்தார். தமையனும் அதே வயதில், சாப்பிட்டுக் கைகழுவப் போன இடத்தில் விழுந்து செத்தார். 1931இல் அந்த வயது பஸ்தியாம்பிள்ளையருக்கும் வந்தது. கண்டியில் கிளார்க் வேலை, நல்ல மனுசி, ஓட்டு வீடு. இருந்தென்ன, மனுசனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

விடிந்தால் வல்லாரைக் கஞ்சி. பிறகு வாவியைச் சுற்றி ஓட்டமும் நடையும். வந்து முளைகட்டின பயறு, தேன், பச்சை முட்டை, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கரண்டி மீனெண்ணெய். நூறு வயசுக்கு இதுதான் வழியென்று எவனோ இங்கிலீசுப் பத்திரிகையில் எழுதிவிட்டானாம். கந்தோரிலும் பேனையை வைத்துவிட்டு நாடியைப் பிடித்துப் பார்ப்பார். அது ஒழுங்காக அடித்தாலும் இவருக்குச் சந்தேகம்தான்.

இவ்வளவையும் இடித்து, அரைத்து, காய்ச்சிக் கொடுத்தவள் மனுசி கத்தரீனா. "நீரும் ஒரு வாய் குடியுமன்" என்பார்; பொய் சொல்லக்கூடாது, தினமும் சொல்லுவார்.

"பிறகு குடிக்கிறன், நீங்கள் குடியுங்கோ" என்பாள். குடித்தாளா என்று திரும்பிப் பார்க்க அந்த மனுசனுக்கு ஏது நேரம்?

ஐப்பசி மழைக்குள் ஒருநாள் அவள் அடுப்படியில் மயங்கி விழுந்தாள். டொக்டர் வந்து கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். "உடம்பில் ரத்தமே இல்லை. சாப்பாட்டுக்குக் கஷ்டமா?" என்று கேட்டார். அலுமாரி நிறையத் தேன்போத்தல் அடுக்கியிருந்தவர் வெட்கத்தில் அலுமாரிக் கதவை மெல்லச் சாத்தினார்.

டொக்டர் போனபின், "இஞ்சேரும், நீர் சாப்பிடுறதே இல்லையோ?" என்றார்.

"ஒருசந்தி. ராவில் மட்டும் கொஞ்சம் சோறு. உங்களுக்கு இந்த வயசு கழியவேணுமெண்டு அந்தோனியாருக்கு நேர்த்தி."

"வருசம் முழுக்கவோ?"

"தவக்காலத்தில் பழகினதுதானே."

தன் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது அவருக்கு. பாலில் முட்டை அடித்துக்கொண்டு ஓடினார். கெஞ்சினார், அதட்டினார், அழுதும் பார்த்தார். கோயில் சுவாமியாரைக் கூட்டிவந்து நேர்த்தியை விடலாமென்று சொல்லவைத்தார். "சுவாமி சொல்லிப்போட்டார், அந்தோனியார் சொல்லேல்லையே. உங்கடை பிறந்தநாள் கழியட்டும், பிறகு குடிக்கிறன்" என்றாள் அவள். பிடிவாதக்காரி. அதற்குப் பிறகு அவர் வாவிப் பக்கம் போகவில்லை. அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்ப்பதும், வாசலுக்கும் கட்டிலுக்குமாக அலைவதுமாக இருந்தார்.

பிறந்தநாள் விடிந்தது. கஞ்சி காய்ச்சி, ஆற்றிக்கொண்டு போனார். சொன்னபடி கத்தரீனா வாயைத் திறந்தாள். கஞ்சி உள்ளே இறங்கவில்லை, கடைவாயால் வழிந்தது.

பஸ்தியாம்பிள்ளையர் எண்பது தாண்டியும் இருந்தார், தனியாக.