எனக்குத் தெரியாத பன்னிரண்டு பேர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை என் இடத்தில் ஒரு சாமியாரை நிறுத்தியிருந்தாலும் கமண்டலத்தைத் தூக்கி அடித்திருப்பார்.

அப்போது நான் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையின் எடைமேடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி வரும், நம்பரை எழுதுவேன். லாரி போகும், மறுபடியும் நம்பரை எழுதுவேன். பொன்னேரியில் மூன்று வருஷம் வரலாறு படித்ததற்கு இதுதான் பலன். சென்னையின் பழைய கட்டடங்களை ஒரு நாள் முழுக்கச் சுற்றிக்காட்டும் சின்ன கம்பெனி ஒன்றில் கைடு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் எழுதிப் போட்டேன். கூப்பிட்டார்கள். அதை நடத்துகிற அம்மா கறாரான ஆள். ஒரே ஒரு டூர் தருவேன், கூடவே நானும் நடந்து வருவேன், பிடித்திருந்தால் வேலை, இல்லையென்றால் வணக்கம் என்றார். இரண்டு நிபந்தனைகள். பன்னிரண்டு பேருக்குக் குறைந்தால் டூர் ரத்து. சொந்தக்காரர், சிநேகிதர் யாரும் வரக்கூடாது. முன்பு ஒரு பையன் தன் சித்தப்பா குடும்பத்தையே அழைத்து வந்து கைதட்ட வைத்தானாம்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் பார்த்தால் நான்கே பேர் பதிவு செய்திருந்தார்கள். நான் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆந்திரா எல்லை எங்களுக்குக் கூப்பிடு தூரம்தான். அதனால் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் நைனா வேறோர் ஆலையில் கிரேன் ஓட்டுகிறார். மேலே கூண்டில் உட்கார்ந்து, பழுக்கக் காய்ந்த இரும்பைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பார். பேச்சு கம்மி. அன்றைக்கு என்னைப் பார்த்துவிட்டு, “இன்னாத்துக்கு இப்டி குந்திக்கினுகீற?” என்றார். சொன்னேன். “எட்டு பேருதானே வோணும்? எங்க ஷிப்ட்ல ஏழு பேரு கீறாங்க. நான் ஒருத்தன். கணக்கு சரியாப் போச்சு” என்றார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக மூன்று உத்தரவு போட்டேன். ஒன்று, யாருக்கும் என்னைத் தெரியாது. இரண்டு, அவர்களுக்குள்ளும் ஒருவரையொருவர் தெரியாது. மூன்று, ஆளுக்கு ஒரு கேள்வி எழுதித் தருவேன், அந்தந்தக் கட்டடம் வரும்போது அதைக் கேட்க வேண்டும். ஆர்வமுள்ள பயணிகள் என்றால் கேள்வி கேட்பார்கள் அல்லவா? திருட்டுத்தனம் என்று வந்துவிட்டால் அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

ஞாயிறு காலை ரயிலில் நான் பெண்கள் பெட்டி, அவர்கள் கடைசிப் பெட்டி. மீஞ்சூர் வந்தது. நைனாவோடு வேலை பார்க்கும் ஃபிட்டர் மாமா அங்கேதான் ஏறுவார். நல்ல பருமன், நல்ல குரல். பிளாட்பாரத்தில் மூச்சு வாங்க ஓடிவந்தவர், என் ஜன்னலைத் தேடிப் பிடித்துப் பொட்டலம் ஒன்றை உள்ளே நீட்டினார்.

“இந்தாம்மா, நாஷ்டா. உங்க அத்த குட்தனுப்ச்சா.”

“மாமா, நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது.”

“சரி சரி. சட்னி தனியா கீது, கொட்டிக்காத” என்று சொல்லிவிட்டு ஓடினார். பெட்டியிலிருந்த பெண்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் முதலாளியம்மா தொப்பி, துணிப்பை, நோட்டுப் புத்தகத்தோடு நின்றிருந்தார். நிஜப் பயணிகள் நான்கு பேரும் வந்துவிட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு கணவன் மனைவி, கேமரா மாட்டிய ஒரு பெண், ரிட்டையரான ஒரு பேராசிரியர். என் ஆட்கள் எட்டுப் பேரும், சொன்னபடியே, எட்டுத் திசையிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். அடடா, என்ன நடிப்பு என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் கீழே பார்த்தேன்.

எட்டுப் பேர் காலிலும் ஒரே பூட்ஸ். ஆலையில் வருஷத்துக்கு ஒரு ஜோடி கொடுப்பார்களே, விரலுக்கு மேலே இரும்புத் தகடு வைத்த கறுப்பு சேஃப்டி ஷூ, அதுதான். பாலிஷ் வேறு போட்டிருந்தார்கள். ஷூ லேஸ் கட்டுவதுபோல் குனிந்து நைனாவிடம் பல்லைக் கடித்துக்கொண்டு, “இது இன்னா நைனா?” என்றேன்.

“நீதானம்மா மெசேஜ் அனுப்ன? நாள் பூரா நடக்கணும், நல்ல ஷூவா போட்டுக்கினு வாங்கன்னு. எங்களாண்ட இதவிட நல்ல ஷூ ஏது?”

உண்மையிலேயே அவர்களிடம் அதைவிட நல்ல ஷூ கிடையாது. ஆபத்து அதோடு நின்றதா? “எல்லாரும் வந்தாச்சான்னு ஒரு தடவை எண்ணிக்கலாம்” என்று அடையாளத்துக்கு வைத்திருந்த குடையைத் தூக்கிப் பிடித்து நான் சொன்னதுதான் தாமதம், எட்டுப் பேரும் என் எதிரே அரைவட்டமாக நின்றார்கள். கை பின்னால் போயிற்று. ஷிப்ட் தொடங்கும் முன் சூப்பர்வைசர் எதிரே நின்று நின்று ஊறிப்போன பழக்கம். “ஒண்ணு!” என்று ஃபிட்டர் மாமா அடிவயிற்றிலிருந்து கத்தினார். “ரெண்டு!” “மூணு!” எட்டு வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடியது. பக்கத்திலிருந்த பேராசிரியர் மிரண்டுபோய், “ஒன்பது” என்றார்.

முதலாளியம்மா நோட்டில் ஏதோ எழுதினார். என்ன எழுதினாரோ.

ஆனாலும் பேச ஆரம்பித்தபின் நான் நன்றாகத்தான் பேசினேன். தற்பெருமை இல்லை, ஒரு மாதம் வீட்டில் கத்திக் கத்திப் பழகியது. சென்ட்ரலின் சிவப்புச் சுவர், நடுவே எழுந்து நிற்கும் மணிக்கூண்டு, தினமும் லட்சோபலட்சம் ஜனம் அண்ணாந்து பார்க்காமலேயே அதன் கீழே ஓடுவது, எல்லாவற்றையும் சொன்னேன். கேமராப் பெண் படமாக எடுத்துத் தள்ளினாள். நானும் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடிக்க ஓடியதைத் தவிர அந்தக் கட்டடத்தை நின்று பார்த்தவள் இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

அடுத்து, பக்கத்திலேயே மாநகராட்சியின் வெள்ளைக் கட்டடம். அந்த நீளத்தையும் வெண்மையையும் சொல்லி முடித்து, “ஏதாவது கேள்வி இருக்கா?” என்றேன். ஃபிட்டர் மாமா கையைத் தூக்கினார். தூக்கிய கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். பேனாவில் எழுதி வைத்திருந்தது வியர்வையில் பாதி அழிந்து போயிருந்தது.

“மேடம், இதுல லைட் ஹவுஸ் எங்க கீது?”

அது ஐகோர்ட்டுக்கான கேள்வி. அங்கே கோபுரத்தின் மேல் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கம் இருந்தது. கார்ப்பரேஷன் ஆபீசில் என்னத்துக்கு லைட் ஹவுஸ்? கோயம்புத்தூர்க்காரர், ‘அப்படியா, இங்கே இருக்கிறதா?’ என்கிற மாதிரி மேலே தேட ஆரம்பித்துவிட்டார். பேராசிரியர்தான் பொறுமையாக, “அது ஹைகோர்ட்ல சார்” என்று திருத்தினார். மாமா விடுவாரா? “அதான் சார், அங்கதான் கேக்கலாம்னு இருந்தேன், வாய் தவறி முன்னாடியே வந்துடுச்சி” என்றார். கடவுளே என்று நான் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

ஐகோர்ட்டுக்கு வேனில் போய், எதிர்ச்சாரி நடைபாதையில் நின்று அந்தச் சிவப்புக் குவிமாடங்களைக் காட்டினேன். அங்கே கேட்கவேண்டிய கேள்வி தீர்ந்துவிட்டதால் மாமா கம்மென்று இருந்தார். மற்றவர்களும் பயந்துபோய் வாயைத் திறக்கவில்லை. எழுதிக்கொடுத்த எட்டில் ஏழு கேள்விகள் அவரவர் சட்டைப் பையிலேயே தூங்கின. அது ஒருவகையில் நிம்மதியாக இருந்தது.

நைனாவைத்தான் என்னால் சமாளிக்க முடியவில்லை. அவர் கேள்வி கேட்கவில்லை, கூட்டத்தில் முந்தவில்லை, என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில்தான் நின்றார். ஆனால் நான் பேசும்போதெல்லாம் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான் ஒரு மாதம் கத்திப் பழகியது எங்கே? ஒற்றை அறை வீட்டில். நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் படுத்திருந்த மனுஷன் காதில் விழாமல் எங்கே போகும்? முழுப் பாடமும் அவருக்கு மனப்பாடம்.

வினை எழும்பூர் மியூசியத்தில் வந்தது. அதுதான் கடைசி இடம். ஆர்ட் கேலரி இருக்கும் அந்தக் கட்டடத்தின் உயர்ந்த வளைவுக்குக் கீழே எல்லோரையும் நிறுத்தினேன். நல்ல வெயில். முதலாளியம்மா மூன்றடி தூரத்தில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இந்த வளைவு, இந்தக் குவிமாடம், இந்த ஜன்னல் எல்லாம் பார்த்தீங்கன்னா, இது கட்டப்பட்ட பாணிக்குப் பேரு…” என்று ஆரம்பித்தேன். பெயர் வரவில்லை. காலையிலிருந்து இருபது முறையாவது சொன்ன பெயர். சிலேட்டைத் துடைத்த மாதிரி ஆகிவிட்டது.

“இந்தோ சராசனிக்” என்றது கடைசி வரிசை.

எல்லோரும் திரும்பினார்கள். நைனா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நின்றார்.

முதலாளியம்மா மெதுவாக அவரிடம் நடந்து போனார். “சார், உங்களுக்கு இது எப்படித் தெரியும்?”

“போன தபா இவங்க சொல்லக் கேட்டது மேடம்.”

“போன தபாவா? இந்தப் பொண்ணு டூர் எடுக்கறதே இன்னிக்குத்தான் முதல் தடவை.”

அந்தம்மா எட்டு ஜோடிக் கால்களையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு நேரடியாகவே கேட்டார். “இந்தப் பொண்ண உங்களுக்குத் தெரியுமா?”

நைனா பொய் சொல்லத் தெரியாத ஆள். ரேஷன் கடையில் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால்கூட, கட்டிக்கொடுத்த அக்காவைக் கழித்துவிட்டுச் சொல்லிவிட்டு வந்து அம்மாவிடம் திட்டு வாங்குவார். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தம்மாவைப் பார்த்து, கொஞ்சமும் குரல் நடுங்காமல் சொன்னார்.

“தெரியாது மேடம். இன்னிக்கித்தான் பாக்கறேன். நல்லா பேசுது. யாரு பெத்த புள்ளையோ, பெத்தவன் குடுத்து வெச்சவன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு அந்தப் பொய்யைச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். யாருக்கும் என்னைத் தெரியாது என்று விரலை ஆட்டி ஆட்டி உத்தரவு போட்டவளும் நான்தான். ஆனால் அதை அவர் வாயால் கேட்டபோது என்னால் தாங்க முடியவில்லை. வேலை போனால் போகட்டும், எடைமேடை எங்கும் ஓடிவிடாது என்று தோன்றியது.

“மேடம், அவரு எங்க நைனா” என்றேன். “அப்பா. மீதி ஏழு பேரும் அவரோட வேலை பாக்கறவங்க. நான்தான் வரச் சொன்னேன். கேள்விகூட நான்தான் எழுதிக் குடுத்தேன். அவங்க மேல தப்பு இல்ல.” எல்லோர் முன்னாலும் அழுதுவிடக்கூடாதே என்று குடைக் கம்பியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

“ஐயோ, பேஜாரு பண்ணிட்டியேம்மா!” என்றார் ஃபிட்டர் மாமா, பின்னாலிருந்து.

முதலாளியம்மா நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். “காலையிலேயே தெரியும்” என்றார். “பூட்ஸை வெச்சு இல்ல. நான் இத்தனை வருஷமா டூர் நடத்தறேன். கட்டடத்தைப் பார்க்காம நாள் முழுக்க கைடையே பார்த்துக்கிட்டு வந்த டூரிஸ்ட் இவர் ஒருத்தர்தான்.”

நைனா தன் பூட்ஸைப் பார்த்தார்.

“தப்பு தப்புதான். இன்னிக்கு டூர் செல்லாது” என்று அந்தம்மா தொடர்ந்தார். “அடுத்த ஞாயிறு மறுபடியும் எடு. இந்தத் தடவை ஆள் சேர்க்கிறது என் பொறுப்பு. ஆனா ஒரே ஒரு சேஃப்டி ஷூவைப் பார்த்தேன், அப்படியே ரயிலேத்தி விட்டுடுவேன்.” எனக்கு அப்போதும் சரியாகப் புரியவில்லை. பேராசிரியர்தான் என் தோளைத் தட்டி, “போம்மா, இன்னொரு சான்ஸ் கிடைச்சிருக்கு” என்றார்.

நான் நைனாவிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் திரும்பினேன். அவர் அங்கே இல்லை. கோயம்புத்தூர்க்காரர் எதிரே போய் நின்றுகொண்டிருந்தார். “எம் பொண்ணு சார்” என்றார். கோயம்புத்தூர்க்காரர், “கேட்டோமுங்க, கேட்டோம்” என்றார். அடுத்து நைனா கேமராப் பெண்ணிடம் போய், “எம் பொண்ணும்மா” என்றார். அது முடிந்ததும் பேராசிரியர். எல்லாம் தெரிந்துகொண்டு நின்றவரிடமும் புதிதாகச் சொல்வதுபோல் சொன்னார். கூட வந்த ஏழு பேரில் ஒருவரையும் விடவில்லை. நான் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் சாக்லேட் வாங்கித் தின்றவர்கள் அவர்கள்.

கடைசியாக மியூசியம் கேட்டுக்குப் போனார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேனை எழுப்பி, தூரத்தில் நின்ற என்னைக் கைகாட்டினார்.

“எம் பொண்ணு.”

“சரி, அதுக்கு இன்னா இப்போ?” என்றான் வாட்ச்மேன்.

“சும்மாதான் சார். காலைலேர்ந்து யாராண்டயும் சொல்லக்கூடாதுன்னுட்டா” என்றார் நைனா.